உளையில் இறக்கி

மாடு மேலே வராது என்று அவன் சொன்னதுதான் பிலோமினாவின் காதில் சிக்கிக்கொண்டது. சாப்பாட்டு இடைவேளை விட்டதும் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தவள், நீதிமன்றத்தின் பின்பக்கக் குழாயடியைத் தாண்டும்போது, காலையில் சாட்சிக் கூண்டில் நின்ற எல்லப்பன் முகம் கழுவிக்கொண்டே தன் அக்கா அஞ்சலாட்சியிடம், "ஒளையில எறங்குனா மாடே மேல வராதுக்கா, மாமா எப்பிடி வருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிலோமினா நிற்கவில்லை. சாட்சியோடு வெளியில் வைத்துப் பேசக் கூடாது, பேசுவதைக் கேட்கவும் கூடாது, தமிழ் சாட்சிகளைக் கன்னடமாக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பதினோரு வருஷமாக அந்த விதியை மீறியதில்லை. தாண்டி வந்து வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு வாய் போட்ட பிறகுதான் அந்த மாடு வந்து முன்னால் நின்றது. மாடு ஏன் உலையில் இறங்கும்? உலையில் அரிசி இறங்கும். பருப்பு இறங்கும். மாடு எப்படி இறங்கும்? அவன் காலையிலும் அதைத்தானே சொன்னான். ஒலையில எறக்கி உட்டுட்டாரு என்றுதானே அவள் காதில் விழுந்தது. கொதிக்கிற உலையில் இறக்கிவிட்ட மாதிரி, அதாவது பெரிய கஷ்டத்தில் தள்ளிவிட்டு, என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். அர்த்தம் பண்ணிக்கொள்ள அரை நொடிகூட ஆகவில்லை. அரை நொடியில் வாய்க்கு வந்தது இக்கட்டு. தமிழிலும் இக்கட்டு, கன்னடத்திலும் இக்கட்டு, இரண்டு கரைக்கும் பொதுவான பாலம் மாதிரி ஒரு சொல். அதில் கால் வைத்து ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டாள். மேஸ்திரி எங்களை இக்கட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல கன்னடம், வாக்கியம் அழகாக விழுந்தது. டைப் அடிக்கிற பெண் நிறுத்தாமல் அடித்துக்கொண்டு போனாள்.

பிலோமினா தண்ணீர் குடித்தாள். கைக்கடிகாரத்தில் ஒன்று நாற்பது. இரண்டரைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். இல்லை, பதறாதே, இருக்காது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவர்கள் ஊர்ப் பக்கம், அந்தக் கல்வராயன் மலை அடிவாரத்தில், மாட்டை உலையில் இறக்குவது என்று ஏதாவது பழமொழி இருக்கும். உலை என்றால் கொல்லன் பட்டறை உலையும் உலைதானே. இருக்காது. மாடு மேலே வராது என்றால் மாடு கீழே போகிறது என்று அர்த்தம். கீழே போனது வருவதில்லை என்று அர்த்தம். ல-வா ள-வா? பெங்களூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ல-வும் ள-வும் ஒன்றுதான், வாயிலும் ஒன்று, காதிலும் ஒன்று, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷனில் அதற்காகவே மதிப்பெண் போனது. உ-வை ஒ என்று சொல்கிறவன் அவன். உடம்பை ஒடம்பு என்பான், உதைப்பதை ஒதைப்பது என்பான். அப்படியென்றால் ஒளை என்பது உளை. உளை என்றால்? போனை எடுத்தாள். விரல் வழுக்கியது, சோற்றுக் கை. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அகராதி சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுத் திறந்தது. உளை: சேறு, புதையும் சேற்று நிலம், குதிரை, சிங்கம் இவற்றின் பிடரிமயிர். அதற்குக் கீழே உளைதல்: நோதல், வருந்துதல். அதற்கும் கீழே வரிசையாக அண்ணன் தம்பிகள் போல, அளறு, சகதி, தொளி. அளறு என்பதற்கு நேராகச் சேறு என்றும் போட்டு, பக்கத்திலேயே நரகம் என்றும் போட்டிருந்தது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மேஸ்திரி எங்கள புதைசேத்துல எறக்கி உட்டுட்டு வண்டியேறிப் போயிட்டாரு. அவன் சொன்னது அது. அவள் சொன்னது, மேஸ்திரி எங்களை இக்கட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். செத்துப்போன துரைக்கண்ணு, இதோ இந்த அஞ்சலாட்சியின் புருஷன், ஏரியில் இறங்கினானா இறக்கப்பட்டானா என்பதுதான் மொத்த வழக்குமே. ஞாயிற்றுக்கிழமை, வேலையே கிடையாது, அவனாக மீன் பிடிக்கப் போய்ச் சேற்றில் சிக்கிச் செத்தான் என்கிறது தூர் வாரும் ஒப்பந்தக்காரர் தரப்பு. ஆகாயத்தாமரையை அள்ளச் சொல்லி மேஸ்திரிதான் இறக்கினார் என்று சொல்ல இருக்கிற ஒரே ஆள் எல்லப்பன். அவன் சொன்னான். அன்றைக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டான். அது அவள் வாயோடு நின்றுவிட்டது.

ஒருவேளை அவனும் கஷ்டம் என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பானோ? ஏன் சொல்லக் கூடாது? ஜனங்கள் சொல்வார்கள்தானே, என்னைக் கொண்டுபோய்ச் சேத்துல தள்ளிட்டான், கழுத்து வரைக்கும் சகதியில நிக்கிறேன் என்று. விவாகரத்து வழக்குகளில் எத்தனை பெண்கள் அவளிடம் அழுதிருக்கிறார்கள். மன உளைச்சல். அந்தச் சொல்லை அவள் நூறு தடவை கன்னடமாக்கியிருப்பாள், மானசிக ஹிம்சை, மானசிக ஹிம்சை என்று ஒவ்வொரு மனுவிலும் முத்திரை குத்துகிற மாதிரி. அதற்குள் ஒரு சேறு கிடப்பது அவளுக்குத் தெரியாது. காலை எடுத்தால் இன்னும் உள்ளே இழுக்கிற ஒன்று அந்தப் பெண்களின் மனசுக்குள் இருந்திருக்கிறது, அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், அவள் மேல்தோலைத் தொட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண்கள் மட்டும்தானா? நாலு வருஷத்துக்கு முன்னால் சேலத்து லாரி டிரைவர் ஒருவன், மழையில தெரியல சார், ஆளத் தட்டிட்டேன் என்றான். அடித்துவிட்டேன் என்று அவள் கன்னடத்தில் சொன்னாள். தட்டுவது என்றால் லேசாகப் படுவதா, சாய்ப்பதா? அவன் எதைச் சொன்னான்? கேட்டாளா? கேட்கவில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. ஒன்றைத் திறந்தால் பதினோரு வருஷமும் திறந்துகொள்ளும். இன்றைக்குப் போய் அம்மா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நீதிபதியிடம் நின்றால், அப்படியானால் போன மாசம் சொன்னது, அதற்கு முந்தின வருஷம் சொன்னது என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு கட்டாக இறக்கிப் பார்க்க மாட்டார்களா. வக்கீல்களுக்கு அதுதானே வேலை. பிலோமினா மேடம் இருந்தால் தமிழ் சாட்சிக்குப் பயமில்லை என்று பேர் எடுத்தவள். அந்தப் பேர் ஒரு மத்தியானத்தில் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால்? யாருக்குத் தெரியும்? அந்த அறையில் தமிழும் கன்னடமும் இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சேறு இங்கே இருக்கிறது, அக்கரையில் இக்கட்டு இருக்கிறது, நடுவில் அவளைத் தவிர ஆளில்லை.

இன்னும் மோசமான ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் ஹெக்டே எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இக்கட்டு என்றாயே, என்ன இக்கட்டு என்று கன்னடத்தில் கேட்டார். அவள் அதைத் தமிழில் கேட்டாள். எப்படிக் கேட்டாள்? அவர் இழுத்துப் பேசுகிறவர், அவள் வேகமாக முடிக்கிறவள். "என்ன கஷ்டம் உங்களுக்குன்னு கேக்கறாங்க" என்றாள். எல்லப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். கேள்வி திடீரென்று ஏன் இந்தப் பக்கம் திரும்பியது என்று அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் கேட்டவள் தமிழ் பேசுகிற அம்மாவாயிற்றே என்று மரியாதையாகப் பதில் சொன்னான். "எல்லாக் கஷ்டமுந்தான்மா. வெயில்ல குடிக்கத் தண்ணி கூட கெடையாது. தகரக் கொட்டாயில படுக்கணும்." அதை அவள் ஒரு எழுத்து விடாமல் சுத்தமாகச் சொன்னாள். ஹெக்டே சிரித்துக்கொண்டே நீதிபதியைப் பார்த்தார். ஆக, தண்ணீருக்கும் கொட்டகைக்கும்தான் மனக்குறை, ஏரியில் இறங்கச் சொன்னதாக இந்தச் சாட்சி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது பதிவாகட்டும் என்றார். பதிவானது. அஞ்சலாட்சிக்காக வாதாடுகிற சின்ன வயசு வக்கீல் வீணா, தலையைக் குனிந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தன் சாட்சியே கவிழ்த்துவிட்டான் என்று அவளுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. ஒரே சொல். அது இன்னொரு சொல்லைத் தள்ளி, அது இன்னொன்றைத் தள்ளி. இவள் தள்ளிவிட்ட இடத்தில் அவன் நின்றுகொண்டு, காலடியில் மண் ஏன் இப்படி நழுவுகிறது என்று தெரியாமல் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

யார் குற்றம் என்று கேட்டால் அப்பாவைச் சொல்லலாம். செத்தவர் மேல் பழி போடுவது சுலபம். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயசு. அப்பா வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு வந்து, முதல் வேலையாகச் சுவரிலிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். தெருவுல வாயத் திறக்காத, திறந்தா கன்னடம்தான் வரணும் என்றார். பட்டறை எரிந்ததா இல்லையா என்று தெரியாமல் ஆறு நாள் வீட்டுக்குள் கிடந்தார்கள். எரியவில்லை. பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பாற்றினார். ஆனால் அப்பாவுக்குள் ஏதோ எரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலேயே குரலைத் தணித்துத்தான் தமிழ் பேசினார், அதுவும் போய்ச் சேரவேண்டிய அளவுக்கு மட்டும். சோறு, தண்ணி, மருந்து, பூட்டு. பஸ்ஸில் ஒரு கிழவர் மணி கேட்டபோது அவள் கன்னடத்தில் சொன்ன பதிலைக் கேட்டு, எந்த ஊரம்மா நீ, மைசூரா என்று கேட்டார். வீடு வரும் வரைக்கும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அவள் கன்னடம் வளர்ந்தது, தமிழ் சமையலறையோடும் மாதா கோயில் ஜெபத்தோடும் நின்றது. வயல் அதில் இல்லை. மாடு இல்லை, சேறு இல்லை. ஈரமான மண்ணுக்கு எத்தனை பேர் இருக்கிறது, எதில் கணுக்கால் புதையும், எதில் ஆள் புதையும் என்று தெரிந்தவர்கள் பேசுகிற தமிழ் அவளுக்கு வரவே இல்லை. வராத தமிழுக்கு அவள் பிரமாணம் எடுத்திருக்கிறாள். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று கடவுள் பேரால். சரி, அப்பா, இப்போது என்ன செய்யட்டும்? வாயத் திறக்காத. அவர் அதைத்தான் சொல்வார்.

"ஊட்டா ஆயிதா மேடம்?" என்று ஒரு நிழல் பெஞ்சில் விழுந்தது. வக்கீல் ஹெக்டே. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், காலையில் ரொம்ப சுத்தமாகச் சொன்னீர்கள், மற்றவர்கள் மாதிரி முழ நீளம் இழுப்பதில்லை என்று கன்னடத்தில் பாராட்டினார். அவர் குரலில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் நிஜமாகவே நம்புகிறார். "இன்னும் இரண்டு கேள்விதான். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த ஆளை இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடலாம், பாவம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். படித்துக் காட்டி. ஆமாம், அது இருக்கிறது. பதிவான வாக்குமூலத்தை அவள்தான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அவன் சரி என்று தலையாட்டிக் கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டு விழுந்துவிட்டால் அது அவன் சொன்னதாகவே ஆகிவிடும். அந்த இடத்தில் வழி ஒன்று இருப்பது பிலோமினாவுக்குத் தெரிந்தது. வாசிக்கும்போது காகிதத்தில் இக்கட்டு என்று இருக்கும் இடத்தில் வாயால் உளை என்று வாசித்துவிடலாம். அவன் சரிம்மா என்பான். காகிதம் காகிதமாக இருக்கும், அவன் அவனாக இருப்பான், இரண்டும் ஒன்றையொன்று ஒருநாளும் பார்த்துக்கொள்ளாது. யாருக்கும் தெரியாது. எவ்வளவு சுலபம். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. டப்பாவை மூடினாள். மூடி பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினாள். இரண்டு பத்து. குழாயடியில் இப்போது யாரும் இல்லை, தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்படியில் அஞ்சலாட்சி ஒரு மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாற்பது வயசு இருக்கலாம். பிலோமினாவைக் கண்டதும் எழுந்து நின்று, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டாள். பேசக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிலோமினா கும்பிட்டதைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளே போனாள்.

இரண்டரைக்கு நீதிபதி அம்மா வந்து உட்கார்ந்தார். எல்லப்பன் கூண்டில் ஏறினான், ஈரத் தலையை வாரியிருந்தான். மின்விசிறி டக் டக் என்றது. ஹெக்டேயின் இரண்டு கேள்வியும் முடிந்தது. என்ன கேட்டார், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு நினைவே இல்லை, நாக்கு மட்டும் தன்போக்கில் வேலை செய்தது. டைப் அடித்த காகிதம் கைக்கு வந்தது. வாசிக்க ஆரம்பித்தாள். பெயர் எல்லப்பன், வயது முப்பத்திரண்டு. இறந்துபோன துரைக்கண்ணு எனக்கு அக்கா வீட்டுக்காரர். நாங்கள் இருவரும் ஏரியில் தூர் வாரும் வேலைக்கு வந்தோம். ஒவ்வொரு வரிக்கும் அவன் ஆமாம்மா, ஆமாம்மா என்றான். நாலாவது வரி. ஐந்தாவது வரி. ஏழாவது வரியில் அந்தச் சொல் இருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது, கருப்பாக, மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக அடித்த மாதிரி. ஆறாவது வரியை மெதுவாக வாசித்தாள். வாயைத் திறக்காதே. திற. உளை என்று வாசித்துவிட்டுப் போ. ஏழாவது வரிக்கு வந்தாள். "அன்னைக்கு மேஸ்திரி எங்களை," என்றாள். நின்றாள். எல்லப்பன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலே வாசியுங்கள்" என்றார் நீதிபதி கன்னடத்தில்.

"அம்மா, இந்த வரி தப்பு" என்றாள் பிலோமினா. "சாட்சி சரியாகத்தான் சொன்னார். நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன்."

ஹெக்டே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இடைவேளையில் யார் யாரோடு பேசினார்கள் என்று தெரியாது, காலையில் சொன்னது மத்தியானம் மாறுகிறது, இதைக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன் என்றார். அவளை அவர் பார்க்கவே இல்லை. நீதிபதி பார்த்தார். "யாரோடாவது பேசினீர்களா?" இல்லை என்றாள். பிறகு, உள்ளதை உள்ளபடி என்பது நினைவு வந்து, "பேசவில்லை. ஆனால் சாட்சி தன் அக்காவிடம் பேசினது காதில் விழுந்தது. அப்புறம் போனில் அகராதி பார்த்தேன்" என்றாள். அறை முழுக்க அவளையே பார்ப்பது காது மடலில் சுட்டது. அகராதியா என்று ஹெக்டே யாரையோ பார்த்துக் கேட்டார். பதினோரு வருஷ மொழிபெயர்ப்பாளர் அகராதி பார்த்தாரா?

நீதிபதி பேனாவை வைத்தார். பிறகு, "அந்தச் சொல்லே வேண்டாம். யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அன்றைக்கு அவர் நின்ற இடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே சொல்லுங்கள்" என்றார்.

அவள் கேட்டாள். எல்லப்பன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "மேல பார்த்தா காஞ்ச தரை மாதிரி பொருக்குத் தட்டியிருக்கும்மா. ஆடு கூட நடந்து போவும். மனுசன் வெயிட்டு தாங்காது. அடியில பூரா சாக்கடை மண்ணு, கூழு மாதிரி. ஜேசிபி எறங்காதுன்னு வண்டிக்காரன் சொல்லிட்டான். அதான் மேஸ்திரி எங்கள எறங்கச் சொன்னாரு, தாமரைய இழுத்துப் போடுங்கன்னு. மாமா முன்னால போனாரு. நான் பின்னால பலக போட்டுக்கிட்டு வந்தேன். மொதல்ல முட்டி வரைக்கும் போச்சு. கால எடுக்க எடுக்க உள்ள இழுக்குது. இடுப்பு வந்துடுச்சு. மேஸ்திரி வண்டியில ஏறிப் போயிட்டாரு." அவன் சொல்லச் சொல்ல அவள் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனாள். கெசரு என்றாள் சேற்றுக்கு, ஆளை விழுங்குகிற கெசரு. சாட்சி நான் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரும் நான் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் பலகை போட்டுக்கொண்டு வந்தேன் என்றாள். எங்களை இறங்கச் சொன்னார் என்றாள். காலடியில் சிமெண்டுத் தரை இருந்தது, இருந்தும் கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கி ஊன்றிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் கேட்டாள். எல்லப்பன் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். அஞ்சலாட்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னடம் ஒன்றும் புரியாது, தம்பி சொல்வது மட்டும் புரியும் என்பது பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சரிசெய்யச் சொன்ன சொல் யார் காதில் போய் விழப்போகிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. "ஒடனே போயிடுச்சுன்னியேடா," என்றாள் அஞ்சலாட்சி, சத்தமில்லாமல். "ஒரு நிமிசங்கூட இல்ல, கஷ்டப்படலன்னியே." கோர்ட் சேவகன் டவாலி கையைக் காட்டி அவளை அடக்கினான். நீதிபதி அவனை வேண்டாம் என்று தடுத்தார்.

"முக்கா மணி நேரங்க்கா" என்றான் எல்லப்பன்.

பிலோமினா அதைச் சொன்னாள். நாற்பத்தைந்து நிமிடம். டைப் சத்தம் வந்தது, நின்றது.

"என்னா பேசுனாரு, அந்த முக்கா மணி நேரம்?" என்றாள் அஞ்சலாட்சி. இது நீதிமன்றத்தின் கேள்வியில்லை. ஆனாலும் நீதிபதி பிலோமினாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த, அவள் அதையும் கன்னடத்தில் சொன்னாள். பதில் சொல்லட்டும் என்றார் நீதிபதி.

எல்லப்பன் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான். வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "பலகயிலேர்ந்து கைய நீட்டுனேன்க்கா. எட்டல. எறங்கிடறேன் மாமான்னேன். நீ எறங்காத, நீ எறங்காதன்னாரு. கயிறு கேட்டுக் கத்தினேன், ஒருத்தரும் இல்ல. நெஞ்சு வரைக்கும் போச்சு. அப்பவும் எறங்காத எல்லப்பான்னுதான் சொன்னாரு. கடைசியில வாய் வரைக்கும் வந்துடுச்சு. தலைய ஆட்டுனாரு, எறங்காதன்னு. நான் எறங்கலக்கா. நான் எறங்கவே இல்ல."

எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். இளிபேடா என்றாள், இறங்காதே என்பதற்கு. இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள், அவன் இரண்டு தடவை சொன்னதால். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது, நான் இறங்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் என்றாள். அதற்குமேல் ஓடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் யாரோ நீட்டினார்கள், வீணாவாக இருக்க வேண்டும். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "நான் இறங்கவே இல்லை" என்று கன்னடத்தில் சொல்லி முடித்தாள்.

நீதிபதி ஏழாவது வரியைக் கோடிட்டு அடிக்கச் சொன்னார். கஷ்டம் என்று கேட்கப்பட்ட கேள்வியும் அதன் பதிலும் அடிபட்டன. அடித்த இடங்களில் அவர் சுருக்கொப்பம் வைத்தார். ஹெக்டேயின் ஆட்சேபம் பதிவானது. அதற்குக் கீழே, மொழிபெயர்ப்பாளரின் பிழை, அவரே ஒப்புக்கொண்டார், இவரை மேற்கொண்டு பட்டியலில் வைப்பது குறித்துத் தனியாகப் பரிசீலிக்கப்படும் என்று சொல்லச் சொல்ல, டைப் அடிக்கிற பெண் தலையைத் தூக்காமல் அடித்தாள். கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பிலோமினா போட்டாள். சேலத்து டிரைவரின் வழக்கு எண் என்ன என்று யாரிடம் கேட்பது என்று அந்த நேரத்தில் மனசு தனியாக யோசித்துக்கொண்டிருந்தது.

எல்லப்பன் கூண்டை விட்டு இறங்காமல் நின்றான். அக்கா பக்கம் திரும்பப் பயந்து நிற்கிறான் என்று தெரிந்தது. அஞ்சலாட்சி எழுந்து, மஞ்சள் பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, வக்கீல்கள் மேஜைக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நடந்து வந்தாள். டவாலி தடுக்கவில்லை. கூண்டுக் கட்டையில் இருந்த அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், இறுக்கி, நரம்பு தெறிக்கிற மாதிரி.

"நல்லவேளடா," என்றாள். "நீ எறங்கல."

நீதிபதி முன்னால் குனிந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பிலோமினா சொன்னாள். டைப் அடிக்கிற பெண் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதையும் அடிக்கவா என்பதுபோல் நீதிபதியைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை அசைத்தார். அவள் அடித்தாள்.